புதுப் படத்தை எங்கே பார்ப்பது? முதல் நாள் காட்சி முதல் தீபாவளி டிவி வரை ஒரு ஒப்பீடு

பெரிய படம் ஒன்று வெளியாகிற வாரம் என்றால் எங்கள் வீட்டு வாட்ஸாப் குழுவில் மூன்று கட்சிகள் உருவாகிவிடும். முதல் நாளே போயாக வேண்டும் என்று நிற்கும் தம்பிமார்கள் ஒரு பக்கம். "நாலு வாரத்துல ஓடிடியில வந்துடும், எதுக்கு ரெண்டாயிரம் செலவு?" என்று கேட்கும் அக்காமார்கள் இன்னொரு பக்கம். "தீபாவளிக்கு டிவியில போடுவான், பார்த்துக்கலாம்" என்று ஒரே வரியில் முடித்துவிடுகிற பெரியப்பா தனிக் கட்சி. நண்பர்களும் இதே கேள்வியோடுதான் வருகிறார்கள். மூன்று கட்சி சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒவ்வொருவரும் எல்லாப் படத்துக்கும் ஒரே பதிலையே சொல்கிறார்கள், சிக்கல் அங்கேதான்.

நான் விமர்சகன் இல்லை. காசு கொடுத்துப் படம் பார்க்கிற சாதாரண ரசிகன். கீழே இருப்பதெல்லாம் சென்னையில் இருந்துகொண்டு போடுகிற கணக்கு. மற்ற ஊர்க்காரர்கள் பத்து, இருபது கூட்டிக் குறைத்துக்கொள்ளுங்கள்.

## எதை வைத்து முடிவு செய்வது

முதலில் ஒன்றைத் தள்ளிவைத்துவிடலாம்: நடிகர் எவ்வளவு பெரியவர் என்பது. பெரிய நடிகர் படத்தைத் தியேட்டரிலும் சின்னப் படத்தை ஓடிடியிலும் பார்ப்பது என்ற வழக்கம் எப்படியோ வந்துவிட்டது. என் அனுபவத்தில் இது பாதி நேரம் தலைகீழாக இருக்க வேண்டியது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

நான் பார்ப்பது நாலு விஷயம்.

படம் எதை நம்பி நிற்கிறது? சில படங்கள் கூட்டத்தை நம்பி எடுக்கப்படுகின்றன. நாயகன் திரும்பிப் பார்ப்பதற்கு ஒரு நிமிடம், கண்ணாடி போடுவதற்கு ஒரு நிமிடம், அதன் பின் கைதட்டலுக்கென்றே விட்ட இடைவெளி. ஆளில்லாத அறையில் பார்த்தால் அந்த இடைவெளி பல்லிளிக்கும். சில படங்கள் திரையையும் ஒலியையும் நம்பி நிற்கும். சில படங்களுக்கு எழுத்தும் நடிப்பும் போதும்.

மொத்தச் செலவு. தமிழ்நாட்டில் டிக்கெட் விலைக்கு அரசின் உச்சவரம்பு உண்டு. மல்டிபிளெக்ஸுக்கு 120 ரூபாயாக இருந்த அது 2017 அக்டோபரில் 150 ஆனது. அதற்கு மேல் ஜிஎஸ்டியும் உள்ளாட்சிக் கேளிக்கை வரியும் சேர்ந்து 190-க்குப் பக்கத்தில் வந்து நிற்கிறது. பெங்களூருவில் பெரிய படத்தின் முதல் வார இறுதியில் டிக்கெட் 500-ஐத் தாண்டுவது சர்வசாதாரணம். அதைப் பார்த்தால் நாம் கொடுத்துவைத்தவர்கள். இங்கே பர்ஸைக் காலி செய்வது டிக்கெட்டைச் சுற்றியுள்ள மற்ற சமாசாரங்கள்.

யாரோடு போகிறோம்? நண்பர்களோடு என்றால் கணக்கு வேறு. ஆறு வயதுப் பிள்ளையும் முட்டிவலி அம்மாவும் கூட வந்தால் கணக்கு முற்றிலும் வேறு.

காத்திருந்தால் என்ன போகும்? திருப்பத்தை நம்பிய கதை என்றால் வெள்ளி மதியத்துக்குள் யாராவது ரீல்ஸில் உடைத்துவிடுவார்கள். கிளைமாக்ஸில் வருகிற கெளரவத் தோற்றத்தைக் கைப்பேசியில் எடுத்துப் போடுபவர்களுக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் தகும். வாழ்க்கையைச் சொல்கிற படத்தில் அப்படிப் போவதற்கு ஒன்றுமில்லை, எப்போது பார்த்தாலும் அது அதேதான்.

## முதல் நாள், முதல் காட்சி

கோயம்பேடு ரோகிணி, அசோக் நகர் காசி, குரோம்பேட்டை வெற்றி, திருநெல்வேலி ராம் மாதிரியான இடங்களில் பெரிய நடிகர் படத்தின் முதல் காட்சி என்பது படம் பார்ப்பது என்ற வகையிலேயே வராது. அது திருவிழா. படம் அதற்கு ஒரு சாக்கு.

முன்பு இது விடியற்காலை நாலு மணிக்கும், சில படங்களுக்கு ஒரு மணிக்கும்கூட நடந்தது. 2023 பொங்கலுக்கு இரண்டு பெரிய படங்கள் ஒரே நாளில் வந்தபோது, கோயம்பேட்டில் தியேட்டருக்கு முன்னால் லாரி மீது ஏறி ஆடிய இளைஞர் ஒருவர் கீழே விழுந்து இறந்துபோனார். அதன் பிறகு அரசு கையை இறுக்கிவிட்டது. அதே ஆண்டு அக்டோபரில் 'லியோ'வுக்கு அதிகாலைக் காட்சி கேட்டு உயர் நீதிமன்றம் வரை போயும் காலை 9 மணிக்குத்தான் முதல் காட்சி தொடங்கியது. கேரளத்திலும் கர்நாடகத்திலும் அதற்கு முன்பே தொடங்கிவிடுவதால் கோவைப் பையன்கள் பாலக்காட்டுக்கும், ஓசூர்ப் பக்கத்து ஆட்கள் பெங்களூருவுக்கும் வண்டி கட்டிக்கொண்டு போவது இப்போது ஒரு தனிக் கலாசாரம்.

உள்ளே என்ன கிடைக்கும்? நாயகன் பெயர் எழுத்தெழுத்தாகத் திரையில் விழும்போது எழுகிற சத்தம் நெஞ்சுக்குள் அதிரும். முன்வரிசையில் கிழித்த பேப்பர் மூட்டையாகக் காத்திருக்கும். அறிமுகப் பாடலுக்குப் பாதி அரங்கம் திரைக்கு முன்னால் நின்று ஆடும், மீதிப் பாதி அதைக் கைப்பேசியில் எடுக்கும். பக்கத்து சீட்டில் இருக்கிற, பெயர்கூடத் தெரியாத ஆள் உங்கள் தோளில் கைபோட்டுக்கொண்டு கத்துவார். அந்த ஒன்றரை நிமிடத்துக்கு வேறெங்கும் மாற்று கிடையாது. ஐமேக்ஸ்கூட இதைத் தராது.

மறைமுகச் செலவுகள் நிறைய. முதல் காட்சியின் டிக்கெட்டில் பெரும்பகுதி ரசிகர் மன்றங்கள் வழியாகத்தான் போகும். உச்சவரம்பெல்லாம் அந்த ஒரு நாளுக்குக் காகிதத்தில் மட்டும்தான். ஐநூறோ ஆயிரமோ, உங்களுக்கு யாரைத் தெரியும் என்பதைப் பொறுத்தது. ஒரு நாள் லீவு போகும். முக்கியமாக, வசனம் பாதி காதில் விழாது. முதல் பத்து நிமிடத்தில் கதைக்குத் தேவையான விஷயம் ஏதாவது சொல்லப்பட்டிருந்தால் அது போனது போனதுதான். அதனால் படம் உண்மையிலேயே நன்றாக இருந்தால் இரண்டாம் தடவை போக வேண்டிவரும். அதையும் செலவில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இது சரியான தேர்வு: கூட்டத்துக்காகவே எடுத்த படம், அந்த நடிகரை உங்களுக்கு உண்மையிலேயே பிடிக்கும், கூட வருவது நண்பர்கள். மூன்றில் ஒன்று இல்லையென்றாலும் வேண்டாம். குழந்தையோடு கூடவே கூடாது. 'லியோ' டிரெய்லரைத் திரையிட்ட நாளிலேயே ரோகிணியில் இருக்கைகள் எந்த கதிக்கு ஆளாகின என்பதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள்.

## வார இறுதி மல்டிபிளெக்ஸ்

குடும்பங்கள் அதிகம் போவது இங்கேதான். நாலு பேருக்குக் கணக்குப் போடுவோம்.

டிக்கெட் நாலும் 760. ஆன்லைனில் எடுத்தால் ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் 'வசதிக் கட்டணம்' என்று 30, 35 ரூபாய், அதற்கும் வரி. அது ஒரு 140. பார்க்கிங் நூறு. ஒரு பெரிய பாப்கார்ன், இரண்டு குளிர்பானம், பிள்ளைக்கு ஒரு ஐஸ்கிரீம் என்றால் எழுநூறு எண்ணூறு. 1,800-ல் நிற்கும். இதில் படத்துக்காகக் கொடுத்தது பாதிகூட இல்லை.

குறைக்க வழி உண்டு. கவுன்ட்டரில் வாங்கினால் வசதிக் கட்டணம் கிடையாது. வெள்ளி, சனி தவிர்த்தால் கவுன்ட்டரிலேயே கிடைக்கும். திரைக்கு அருகிலுள்ள 'பட்ஜெட்' வரிசைகளுக்கு 60 ரூபாய் அளவில்தான் விலை. கல்லூரிப் பிள்ளைகளுக்கு மட்டுமே தெரிந்த ரகசியம் மாதிரி அது ஒரு ஓரமாகக் கிடக்கிறது. கழுத்து கொஞ்சம் வலிக்கும். சண்டைக் காட்சியில் கேமரா சுற்றினால் தலையும் சேர்ந்து சுற்றும். அமைதியான படத்துக்குத் தாராளமாக உட்காரலாம்.

தீனி விஷயத்தில் ஒன்று தெரிந்துவைத்துக்கொள்வது நல்லது. வெளி உணவை அனுமதிக்க மறுக்கத் தியேட்டர்களுக்கு உரிமை உண்டு என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதே தீர்ப்பில், குடிதண்ணீர் இலவசமாக வைக்க வேண்டும், கைக்குழந்தைக்குப் பெற்றோர் கொண்டுவரும் உணவைத் தடுக்கக் கூடாது என்றும் இருக்கிறது. வாசலில் பையைத் துழாவுகிற தம்பியிடம் இதைச் சிரித்துக்கொண்டே சொன்னால் பெரும்பாலும் விட்டுவிடுவார்.

மல்டிபிளெக்ஸின் பலம் படமும் ஒலியும். விளக்கு மங்காத புரொஜெக்டர், தலைக்கு மேலிருந்து மழை கேட்கிற அட்மாஸ், முன்னால் இருப்பவரின் தலை மறைக்காத படிக்கட்டு இருக்கை. பிரம்மாண்டத்தை நம்பிய படம் என்றால் இதற்குக் கொடுக்கிற காசு தகும். ஆனால் நல்ல ஒலியமைப்பு மோசமான ஒலிக்கலவையையும் தெளிவாகவே கேட்கவைக்கும். 2024 நவம்பரில் வந்த 'கங்குவா'வில் சத்தம் தாங்கவில்லை என்ற புகார் அவ்வளவு பெரிதாக எழுந்ததால், ஒலியளவை இரண்டு புள்ளி குறைக்கச் சொல்லித் தயாரிப்பாளரே தியேட்டர்காரர்களைக் கேட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று. வயதானவர்களை அழைத்துப் போகும் படம் என்றால் முதல் நாள் பார்த்த யாரிடமாவது "சத்தம் எப்படி?" என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். கதை எப்படி என்பதைவிட அதுதான் முக்கியம்.

பிள்ளைகள் இருந்தால் சான்றிதழையும் பாருங்கள். 2024-லிருந்து யுஏ என்பது 7+, 13+, 16+ என்று மூன்றாகப் பிரிந்திருக்கிறது. இது பெற்றோருக்கான வழிகாட்டுதல், பிள்ளையை உள்ளே விடுவார்கள். ஏ சான்றிதழ் அப்படியல்ல. 2025 ஆகஸ்ட்டில் 'கூலி' ஏ சான்றிதழோடு வந்தது. அதை யுஏ ஆக்கக் கேட்டுத் தயாரிப்பு நிறுவனம் உயர் நீதிமன்றம் போயும் மனு தள்ளுபடியானது. ரஜினி படம்தானே என்று பிள்ளைகளோடு டிக்கெட் எடுத்துவிட்டு வாசலில் நின்று வாதாடுவதில் புண்ணியமில்லை. மல்டிபிளெக்ஸில் இதில் கறாராகவே இருப்பார்கள்.

## இரண்டாவது வாரம், பக்கத்துத் தியேட்டர்

யாரும் கேட்காத தேர்வு இது. எனக்குப் பிடித்ததும் இதுதான், ஆகவே கொஞ்சம் சாய்ந்து எழுதினால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாவது வாரம் செவ்வாயோ புதனோ, மாலை ஆறரை மணிக் காட்சி, வீட்டிலிருந்து பைக்கில் பத்து நிமிடத்தில் போகிற தனித் தியேட்டர். முன்பதிவு வேண்டாம். கவுன்ட்டரில் 120, 150 ரூபாய். எந்த வரிசை வேண்டுமோ அதில் உட்காரலாம். இடைவேளையில் சமோசா, முறுக்கு, கோன் ஐஸ். நாலு பேர் போனாலும் எண்ணூறைத் தாண்டாது.

காசு மிச்சம் என்பது சின்ன லாபம். பெரிய லாபம், படம் எப்படி என்று அதற்குள் தெரிந்துவிடும். முதல் நாள் யூடியூப் விமர்சனங்களை நான் நம்புவதில்லை. அதற்காகத் தியேட்டர் வாசலில் யூடியூபர்களை விடக் கூடாது என்று 2024-ல் தயாரிப்பாளர் சங்கம் ஒன்று கேட்டுக்கொண்ட அளவுக்கும் நான் போகமாட்டேன். காசு கொடுத்தவனுக்குத் திட்டவும் உரிமை உண்டு. ஆனால் உண்மையான விமர்சனம் திங்கட்கிழமை வரும். அலுவலகத்தில், டீக்கடையில், "பரவாயில்ல, ஒரு தடவ பாக்கலாம்" என்கிறார்களா, "நீ பாத்துட்டியா, இல்லையா?" என்று ஆர்வமாகக் கேட்கிறார்களா என்பதை வைத்தே படம் எப்படி என்று சொல்லிவிடலாம்.

கூட்டமும் வேறு மாதிரி இருக்கும். கத்துபவர்கள் எல்லாம் முதல் வாரமே பார்த்துவிட்டார்கள். இப்போது வருபவர்கள் படம் பார்க்க வந்தவர்கள். நகைச்சுவைக்குச் சிரிக்கிற நூறு பேர் இருப்பார்கள், அடுத்த வசனமும் காதில் விழும். சிரிப்புப் படத்தை இந்தக் கூட்டத்தோடு பார்ப்பதுதான் ருசி. வீட்டில் தனியாகப் பார்த்தால் புன்னகை வரும், வாய்விட்டுச் சிரிப்பது அபூர்வம்.

இன்னொரு விசித்திரமும் உண்டு. இப்போதெல்லாம் படங்களை வெளியான பிறகு வெட்டுகிறார்கள். 'இந்தியன் 2' மூன்று மணி நேரமாக வந்து சில நாளில் 12 நிமிடம் குறைந்தது. 'மெய்யழகன்' 18 நிமிடத்துக்கு மேல் இழந்தது. ஆக, முதல் நாள் பார்த்தவரும் பத்தாம் நாள் பார்த்தவரும் ஒரே படத்தைப் பார்க்கவில்லை. 'இந்தியன் 2'க்குத் தாமதமாகப் போனவர்களுக்கு லாபம். 'மெய்யழகன்' விஷயத்தில் எனக்கு அப்படித் தோன்றவில்லை. அந்த ராத்திரிப் பேச்சு நீளமாக இருப்பதற்காகவே அதைப் பிடித்தவர்கள் இருக்கிறார்கள், நானும் அதில் சேர்த்தி. இயக்குநரின் போக்கு பிடிக்கும் என்றால் முதல் வாரமே போய்விடுங்கள்.

குறைகளை மறைக்கப் போவதில்லை. சில தியேட்டர்களில் கூட்டம் குறைவு என்றால் இடைவேளைக்குப் பிறகு ஏசி அணைந்துவிடும். திரையில் கறை இருக்கும், விளக்கு மங்கலாக இருக்கும், கதை இரவில் நடக்கிற இடங்களில் யார் யாரை அடிக்கிறார்கள் என்று தெரியாது. ஐந்தாறு பேர்தான் வந்திருக்கிறார்கள் என்றால் காட்சியையே ரத்து செய்துவிட்டுக் காசைத் திருப்பிக் கொடுப்பார்கள். போவதற்கு முன்னால் ஒரு போன் போட்டுக்கொள்வது நல்லது. இப்படிப்பட்ட தியேட்டர்களே குறைந்துகொண்டு வருகின்றன, அசோக் நகர் உதயம்கூட 2024-ல் மூடப்பட்டுவிட்டது.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து, படம் இரண்டாவது வாரம் வரை தங்காமல் போவது. பெரிய நடிகர் படம் எப்படியும் இரண்டு வாரம் ஏதாவது ஒரு திரையில் ஓடும். பெயர் தெரியாதவர்கள் நடித்த நல்ல படத்துக்கு வெள்ளிக்கிழமை நாலு காட்சி கிடைத்தால் திங்கள் இரண்டு, அதுவும் காலை பத்து மணிக்கு. அடுத்த வெள்ளி வேறொரு படம் வந்து அதையும் பிடுங்கிவிடும். சின்னப் படத்தைத் தியேட்டரிலும் பெரிய படத்தை ஆறப்போட்டும் பார்க்க வேண்டும் என்று ஆரம்பத்தில் சொன்னதன் காரணம் இதுதான். பெரிய படம் காத்திருக்கும். சின்னப் படத்துக்கு அந்தச் சலுகை கிடையாது. அதைப் பார்க்க வேண்டும் என்று தோன்றினால் முதல் வாரம் ஞாயிற்றுக்குள் போய்விடுங்கள்.

## ஓடிடி

தமிழ்ப் படங்களுக்கு வழக்கமான இடைவெளி நாலு வாரம். 'ஜெயிலர்' 2023 ஆகஸ்ட் 10-ல் வந்து செப்டம்பர் 7-ல் பிரைமில் ஏறியது. 'மகாராஜா' 2024 ஜூன் 14, நெட்ஃபிளிக்ஸில் ஜூலை 12. 'கங்குவா' நாலு வாரம்கூட ஆகவில்லை. 'அமரன்' மாதிரி தியேட்டரில் நன்றாகப் போன படத்துக்கு ஐந்து வாரம். இந்தியில் எட்டு வாரம் என்று பெரிய மல்டிபிளெக்ஸ் நிறுவனங்கள் பிடிவாதமாக நிற்பதால்தான் 'லியோ'வின் இந்திப் பதிப்பு அவற்றில் திரையிடப்படவில்லை. நமக்கு நாலு வாரம் என்பது காத்திருப்பவர்களுக்கு வசதி, தியேட்டர்காரர்களுக்கு வயிற்றெரிச்சல்.

செலவு ஒன்றுமில்லை என்று தோன்றும். கணக்குப் பார்த்தால் அப்படி இல்லை. 'கூலி'யும் 'வேட்டையன்'-உம் பிரைமில். 'அமரன்'-உம் 'மகாராஜா'வும் நெட்ஃபிளிக்ஸில். 'லப்பர் பந்து', 'வாழை', 'டூரிஸ்ட் ஃபேமிலி' மூன்றும் ஹாட்ஸ்டாரில். ஒரு வருடத்தின் பேசப்பட்ட படங்களைப் பார்க்க மூன்று சந்தா வேண்டும். நெட்ஃபிளிக்ஸின் 149 ரூபாய்த் திட்டம் கைப்பேசி, டேப்லெட்டுக்கு மட்டும். டிவியில் பார்க்க 199, அதில் 720 தரம்தான். முழு ஹெச்டி வேண்டுமென்றால் 499. பிரைம் வருடத்துக்கு 1,499, அதைக் கட்டியும் 2025 ஜூனிலிருந்து நடுவில் விளம்பரம் வருகிறது. விளம்பரம் வேண்டாம் என்றால் தனியாக மாதம் 129. இந்த விலைகளெல்லாம் 2025 நிலவரம்.

இதற்கு நான் செய்வது: மூன்றையும் ஒரே நேரத்தில் வைத்திருப்பதில்லை. ஒரு மாதம் ஒன்று. பார்க்க வேண்டியதைப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டு அடுத்த மாதம் இன்னொன்று. தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் வசதியை வாங்கிய அன்றே அணைத்துவிடுங்கள், இல்லையென்றால் மறந்துபோவீர்கள். கைப்பேசி ரீசார்ஜோடு எந்தச் சந்தா சேர்ந்து வருகிறது என்பதையும் பாருங்கள். பலர் ஏற்கெனவே காசு கட்டிய ஒன்றுக்கு மறுபடி கட்டிக்கொண்டிருக்கிறார்கள்.

"ஓடிடியில வரட்டும்" என்பதில் இன்னொரு ஓட்டையும் இருக்கிறது: வராமலே போகலாம். கொரோனா காலத்தில் வாங்கிக் குவித்த நிறுவனங்கள் இப்போது கையை மூடிக்கொண்டுவிட்டன. சின்னப் படங்கள் பல விலைபோகாமல் மாதக்கணக்கில் கிடக்கின்றன. வந்தாலும் அறிவிப்பில்லாமல் ஒரு மூலையில் வந்து கிடக்கும்.

ஒலி விஷயம் வீட்டுக்கு வீடு நடக்கிற கூத்து. வசனம் முணுமுணுப்பாக இருக்கிறது என்று சத்தத்தைக் கூட்டினால் அடுத்த நொடி சண்டைக் காட்சி, தூங்குகிற குழந்தை எழுந்துவிடும். ரிமோட்டைக் கையை விட்டு வைக்க முடியாது. தியேட்டருக்காகச் செய்த ஒலிக்கலவையை டிவியின் இரண்டு சின்ன ஸ்பீக்கர் வழியாகக் கேட்பதால் வருகிற வினை இது. ஆடியோ தேர்வில் '5.1' என்று இருந்தால் அதை மாற்றிச் சாதாரணத் தமிழ் ஆடியோவை வையுங்கள். டிவி அமைப்பில் 'வசனத் தெளிவு' மாதிரி ஏதாவது இருந்தால் அதையும். பாதிப் பிரச்சினை தீரும்.

வீட்டில் பார்க்கும்போது கவனம் சிதறுவது பற்றிப் பெரிதாகப் பேசுவார்கள். சில படங்களுக்கு நிறுத்தி நிறுத்திப் பார்ப்பதுதான் வரம். வட்டார வழக்கு புரியாத இடத்தில் பத்து நொடி பின்னால் போகலாம். தமிழ் தெரியாத மருமகளுக்கோ மருமகனுக்கோ சப்டைட்டில் உண்டு. டெல்லியிலோ பூனாவிலோ இருக்கிற தமிழர்களுக்கு, நகரத்தின் மறுகோடியில் இரவு பத்தரைக்கு ஒரே ஒரு காட்சி என்ற நிலையில், ஓடிடிதான் நியாயமான தேர்வு. நாலு வாரம் கழித்து ஏ சான்றிதழ்ப் படமும் வீட்டுக்குள் வந்துவிடும். அதைப் பிள்ளை பார்க்கலாமா என்ற முடிவும் அதோடு உங்கள் தலையில் வந்து விழும்.

ஒரு சின்ன வருத்தம். 2020, 21-ல் நேராக ஓடிடிக்கு வந்த 'சூரரைப் போற்று', 'சார்பட்டா பரம்பரை' இரண்டையும் தியேட்டரில் பார்க்க முடியாமல் போனது இன்னும் உறுத்துகிறது. குறிப்பாகச் சார்பட்டாவின் குத்துச்சண்டைகள். வீட்டு சோபாவில் உட்கார்ந்து தனியாக விசில் அடித்துப் பாருங்கள், எவ்வளவு அபத்தமாக இருக்கும் என்று தெரியும்.

டெலிகிராம் லிங்க்கை ஒரு தேர்வாக நான் எடுத்துக்கொள்ளவில்லை. சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். திரையின் குறுக்கே எழுந்து போகிறவரின் நிழல் விழுகிற பதிவில் படம் பார்ப்பதற்குப் பார்க்காமலே இருந்துவிடலாம்.

## டிவி

பெரியப்பா கட்சி. செலவு இல்லை. பொங்கல், சித்திரை ஒன்று, ஆயுத பூஜை, தீபாவளி என்று நாள் குறித்து வைத்திருப்பார்கள். ஆனால் எப்போது வரும் என்பதற்கு இப்போது நியதி இல்லை. 2018-ல் '96' படம் அக்டோபர் 4-ல் வெளியாகி, தியேட்டரில் ஓடிக்கொண்டிருக்கும்போதே தீபாவளிக்கு சன் டிவியில் ஒளிபரப்பானது. ஒத்திவைக்கச் சொல்லி திரிஷாவே கேட்டும் நடக்கவில்லை. மற்ற சில படங்கள் ஒரு வருடம் கழித்து வரும்.

மூன்று மணி நேரப் படம் விளம்பரங்களோடு நாலு மணி நேரத்தைத் தாண்டும். ஏ சான்றிதழ்ப் படம் டிவிக்கு வர மறுதணிக்கை செய்து வெட்ட வேண்டும். ஆகவே அடிதடிப் படங்கள் டிவியில் வரும்போது எலும்பும் தோலுமாக இருக்கும். புதுப் படத்தை முதல் தடவை பார்க்க டிவியை நான் சொல்லமாட்டேன். ஏற்கெனவே பார்த்த படத்தை, பண்டிகை நாளில் வடை சுட்டுக்கொண்டே வீடு முழுக்க வசனத்தை முன்கூட்டியே சொல்லிக்கொண்டு பார்ப்பதற்கு அதைவிட நல்ல இடமும் இல்லை.

## ஒரே பார்வையில்

| | நாலு பேருக்குச் செலவு (சுமார்) | எதற்கு நல்லது | எங்கே அடிவாங்கும் |
|---|---|---|---|
| முதல் நாள் ரசிகர் காட்சி | ஆளையும் மன்றத்தையும் பொறுத்தது, 2,000-க்குக் கீழே எதிர்பார்க்காதீர்கள் | நாயகன் படம், நண்பர்கள் | வசனம் கேட்காது, குழந்தைகளுக்கு ஆகாது |
| வார இறுதி மல்டிபிளெக்ஸ் | 1,800 | பிரம்மாண்டம், ஒலி, திருப்பமுள்ள கதை | தீனிச் செலவு, சில படங்களில் சத்தம் |
| இரண்டாவது வாரம், பக்கத்துத் தியேட்டர் | 800 | சிரிப்புப் படம், குடும்பப் படம், சந்தேகமான பெரிய படம் | சின்னப் படம் தங்காது, தியேட்டரின் தரம் |
| ஓடிடி | மாதம் 199 முதல் 499 | எழுத்தை நம்பிய படம், வெளியூர்த் தமிழர், மறுபடி பார்ப்பது | கூட்டப் படங்கள் வெளிறிப்போகும், மூன்று சந்தா |
| டிவி | இல்லை | பார்த்த படம், பண்டிகை | வெட்டு, விளம்பரம், எப்போது என்று தெரியாது |

## அடிக்கடி வரும் சில கேள்விகள்

"அப்பா அம்மாவை ஒரு நல்ல படத்துக்குக் கூட்டிப் போகணும்." இரண்டாவது வாரம், மாலைக் காட்சி. லிஃப்ட் இருக்கிறதா, பால்கனிக்கு எத்தனை படி என்று முதலில் விசாரியுங்கள். பழைய தியேட்டர்களில் பால்கனி ஏறுவதற்குள் அவர்களுக்கு மூச்சு வாங்கும். கீழ்த்தளத்தில் பின்வரிசை போதும்.

"பெரிய நடிகர் படம், ஆனால் டிரெய்லர் மொக்கை." திங்கள் வரை பொறுங்கள். பேச்சு நன்றாக இருந்தால் பக்கத்துத் தியேட்டர், இல்லையென்றால் ஓடிடி. டிரெய்லரை வைத்து முடிவு செய்து நல்ல படத்தை விட்டவர்களும் உண்டு என்பதால் அடியோடு கைவிட வேண்டாம்.

"கொலைகாரன் யார் என்கிற மாதிரிப் படம்." முதல் மூன்று நாளுக்குள், மல்டிபிளெக்ஸ். அதுவரை இன்ஸ்டாகிராம் பக்கம் தலைவைத்துப் படுக்காதீர்கள்.

"பத்துப் பேர் சேர்ந்து பழைய ஹிட் படத்தின் மறுவெளியீட்டுக்குப் போறோம்." 2024 ஏப்ரலில் 'கில்லி' திரும்ப வந்தபோது நடந்த கூத்தைப் பார்த்தவர்கள் இதைக் கேட்கவே மாட்டார்கள். கதை தெரியும், வசனம் மனப்பாடம், கத்துவதால் யாருக்கும் எதுவும் போகப்போவதில்லை. தனித் தியேட்டர், இரவுக் காட்சி, முன்பதிவோடு. மல்டிபிளெக்ஸில் போய் உட்கார்ந்து எழுந்து ஆடினால் பின்னால் இருப்பவர் முறைப்பார்.